ரோடியத்தை வீட்டுக்கு அனுப்பிய நொதி

சிட்டாகிளிப்டின். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் மாத்திரை நம் வீடுகளுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது நினைவிருக்கலாம். ஐ.சி.எம்.ஆருக்காக அதை முன்னின்று நடத்தியது நம் சென்னையில் இருக்கும் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான். அந்தப் 10 கோடிப் பேரில் எத்தனையோ பேர் மெட்ஃபார்மினுக்குத் துணையாக இந்த மாத்திரையையும் தினம் விழுங்குகிறார்கள். ஆனால் அது பிறந்த கதையைக் கேட்டவர்கள் குறைவு. அந்தக் கதையைத்தான் இப்போது திரையை விலக்கிப் பார்க்கப் போகிறோம். சத்தியமாகச் சொல்கிறேன், வேதியியலில் இதைவிடத் துள்ளலான கதை ஒன்று கிடைப்பது கஷ்டம்!

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினை எடுத்துவிடு என்று கணையத்துக்குச் சேதி சொல்வது அதன் வேலை. ஆனால் டி.பி.பி-4 என்ற நொதி சில நிமிடங்களிலேயே அந்த ஹார்மோனை வெட்டிப் போட்டுவிடும். சிட்டாகிளிப்டின் போய் அந்த நொதியின் வாயில் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. ஹார்மோன் பிழைக்கிறது, இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது, சர்க்கரை இறங்குகிறது. ஆக, இது ஒரு நொதியை முடக்கும் மருந்து. அந்த மருந்தைத் தொழிற்சாலையில் செய்து கொடுப்பதோ இன்னொரு நொதி! இந்த இடத்தில்தான் எனக்கு முதல் தடவை உற்சாகம் தலைக்கேறியது.

மூலக்கூறைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு முனையில் மூன்று ஃபுளோரின் அணுக்கள் ஒட்டிய பென்சீன் வளையம். மறுமுனையில் நைட்ரஜன்கள் நிறைந்த இரட்டை வளையம், அதன் தலையிலும் மூன்று ஃபுளோரின். நடுவே ஒரு கார்பன், அதில் ஓர் அமீன், அதாவது நைட்ரஜன் தாங்கிய சிறு தொகுதி. கதை முழுக்க அந்த ஒரே ஒரு அமீனைப் பற்றியதுதான். அது கார்பனின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்து மூலக்கூறுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். மருந்தாக வேலை செய்ய வேண்டியது வலக்கை வடிவம். சும்மா ஒரு குடுவையில் போட்டுக் கலக்கினால் இரண்டும் பாதிப் பாதியாக வந்து நிற்கும். பாதிச் சரக்கு குப்பைக்கு என்றால் எந்தத் தொழிற்சாலைக்குக் கட்டும்?

இங்கேதான் ரோடியம் வந்தது. மெர்க் நிறுவனத்து வேதியியலாளர்கள் இந்த அரிய உலோகத்தை, ஜோசிஃபாஸ் என்ற பாஸ்பரஸ் சேர்மத்தோடு சேர்த்து வினையூக்கியாக்கினார்கள். அழுத்தம் தாங்கும் கலனில் ஹைட்ரஜனைச் செலுத்தினால், வேண்டிய வடிவமே பெரும்பாலும் கிடைக்கும். அதுவரை யாரும் இவ்வளவு சுலபமாகச் செய்யாத வேலை அது. அதற்கு முன் மெர்க் பயன்படுத்திய வழியோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ மருந்துக்கு 220 கிலோ கழிவு குறைந்தது! மறுபடி படியுங்கள்: ஒரு கிலோவுக்கு 220 கிலோ. 2006-ல் அமெரிக்காவின் அதிபர் பெயரிலான பசுமை வேதியியல் விருது அந்த வழிக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மருந்துக்கும் அனுமதி கிடைத்தது.

மருந்துத் தயாரிப்பில் கழிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியே அதிகம் தெரியாது. நெதர்லாந்தில் பணியாற்றிய ராஜர் ஷெல்டன் 1992-ல் ஓர் எளிய அளவுகோலைக் கொண்டுவந்தார். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு? அவ்வளவுதான் கேள்வி. மொத்தமாகச் செய்யும் ரசாயனங்களுக்கு விடை ஒன்றுக்கும் கீழிருந்து ஐந்து வரை. மருந்துகளுக்கு 25-லிருந்து 100, சில சமயம் அதற்கும் மேல். உயிரைக் காப்பாற்றும் துறைதான் கிலோவுக்கு அதிகக் கழிவு தள்ளும் துறையாகவும் இருந்தது. கரைப்பான்கள், உப்புகள், உலோகத் துகள்கள் என எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

சரி, விருது வாங்கியாயிற்று. வேறு யாராவது இருந்தால் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மெர்க் ஆட்கள் உட்காரவில்லை. ரோடியம் வழியில் அவர்களுக்கு நெருடல்கள் இருந்தன. நூற்றுக்கு ஒன்றரை மூலக்கூறு தவறான கையோடு வந்தது. அதைக் களையப் படிகமாக்க வேண்டும். மருந்தில் உலோகம் தங்கிவிடக் கூடாது என்பதால் கரித்தூள் போட்டு ரோடியத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதிக அழுத்த ஹைட்ரஜனுக்கென்று தனிக் கலன் வேண்டும். ரோடியமோ பிளாட்டினம் சுரங்கத்தில் பக்கப் பொருளாகச் சொற்பமாகக் கிடைப்பது. உலகத் தேவையின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அந்த ஊரில் மின்வெட்டு வந்தால் விலை இங்கே குதிக்கும்.

ஆகவே நியூ ஜெர்சியின் ராவேயில் இருந்த மெர்க் குழு, கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் இருந்த கோடெக்சிஸ் என்ற நொதி நிறுவனத்தோடு கைகோத்தது. அவர்கள் கேட்டது எளிமையான, ஆனால் அசாத்தியத் துணிச்சலான கேள்வி. மருந்தாவதற்கு முந்தைய மூலக்கூறான கீட்டோனின் மேல் அமீனை நேரடியாக ஏற்றிவைக்கும் நொதி ஏதாவது உண்டா?

அந்த வகை நொதிகள் இயற்கையில் உண்டு. டிரான்ஸமினேஸ் என்று பெயர். ஒரு மூலக்கூறிலிருந்து அமீனைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதே அவற்றின் பிழைப்பு. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏ.டி.ஏ-117 என்ற நொதி. மண்ணில் வாழும் ஆர்த்ரோபாக்டர் என்ற பாக்டீரியப் பேரினத்தைச் சேர்ந்த ஒன்றின் நொதிக்கு நெருங்கிய சொந்தம். வலக்கை வடிவத்தையே தரும் நல்ல குணம் அதற்கு இருந்தது. சிட்டாகிளிப்டினின் கீட்டோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். விளைச்சல் பூஜ்யம். கொஞ்சம் என்றுகூடச் சொல்ல முடியாது, சுத்தமாக ஒன்றும் இல்லை!

காரணம் நொதியின் உள்ளே இருந்தது. இந்த நொதியில் வினை நடக்கும் இடத்தில் இரண்டு குழிகள் உண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கீட்டோனின் ஒரு பக்கம் பெரிய குழியிலும் மறுபக்கம் சின்னக் குழியிலும் பொருந்த வேண்டும். சின்னக் குழி ஒரு மெத்தில் தொகுதிக்குத்தான் இடம் கொடுக்கும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. நம் மருந்தின் கீட்டோனோ இரண்டு பக்கமும் வளையங்களைச் சுமந்துகொண்டு வருகிறது. உள்ளே நுழைய வழியே இல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. கைக்குழந்தைக்கு எடுத்த எடுப்பில் முழுச் சாப்பாடா ஊட்டுவோம்? பருப்புச் சாதத்தைக் குழைத்து ஒரு வாய் கொடுத்துப் பழக்குவோம் அல்லவா? இவர்களும் அதைத்தான் செய்தார்கள். மருந்து மூலக்கூறின் பென்சீன் வளையத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மெத்திலை மட்டும் வைத்த சிறு கீட்டோனைத் தயாரித்தார்கள். சின்னக் குழிக்கு அது தொந்தரவு தராது. நைட்ரஜன்கள் நிறைந்த இரட்டை வளையம் பெரிய குழிக்குள் போய்விட்டால் போதும். நொதியில் சுமார் 330 அமினோ அமிலங்கள். அதில் 223-ஆவது இடத்தில் இருந்த செரீனை எடுத்துவிட்டு புரோலீனை வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில் வேகம் 11 மடங்கு கூடியது!

அடுத்து சின்னக் குழி. கணினியில் நொதியின் மாதிரியைக் கட்டி, மருந்து மூலக்கூறை உள்ளே வைத்துப் பார்த்து, எந்தெந்த அமினோ அமிலங்கள் இடிக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். அந்த இடங்களில் விதவிதமான மாற்றங்களோடு மரபணுக்களைத் தயாரித்தார்கள். அவற்றை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். ஒவ்வொரு பாக்டீரியக் கூட்டமும் ஒரு புது நொதியைச் செய்து தரும். இப்படிப்பட்ட வேலை நடக்கும் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைவிட அதிகம் கண்ணில் படுவது உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டுகள்தான். தட்டுக்கு 96 குழிகள், குழிக்கு ஒரு நொதி, ஒவ்வொன்றிலும் சில சொட்டுத் திரவம். மறுநாள் அத்தனையும் குரோமட்டோகிராஃப் கருவிக்குப் போகும். கருவி தட்டையாக ஒரு கோட்டை வரைந்துகொண்டே போகும். சிட்டாகிளிப்டின் உருவாகியிருந்தால், அது வெளியே வர வேண்டிய நிமிடத்தில் அந்தக் கோடு மேலெழும்பும்.

எழும்பியது! நான்கு மாற்றங்கள் கொண்ட ஒரு நொதி, 24 மணி நேரத்தில் 0.7 சதவீதக் கீட்டோனை மருந்தாக மாற்றியிருந்தது. லிட்டருக்கு 2 கிராம் கீட்டோன், 10 கிராம் நொதி. கணக்குப் போட்டால் கிடைத்த மருந்து ஏறத்தாழ 14 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது 100 மில்லிகிராம். ஆக, ஒரு லிட்டர் கரைசலும் 10 கிராம் நொதியும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க உழைத்தது ஏழில் ஒரு மாத்திரைக்கு. எனக்கோ இந்தக் கதையில் மிகப் பெரிய எண் இந்த 0.7தான். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். 0.7 கையில் வந்துவிட்டால் பெருக்க ஆரம்பிக்கலாம்.

பெருக்கினார்கள். மொத்தம் 11 சுற்றுகள், 36,000-க்கு மேற்பட்ட நொதி வகைகள். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்தவற்றின் மாற்றங்களைக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்குவார்கள். அதோடு பரீட்சையையும் கடுமையாக்கிக்கொண்டே போவார்கள். கீட்டோனின் அளவைக் கூட்டு. சூட்டை ஏற்று. அமீன் தரும் ஐசோபுரொபைலமீனை இன்னும் ஊற்று. கீட்டோன் தண்ணீரில் கரையாது என்பதால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைப் பாதிக்குப் பாதி சேர்! சாதாரண நொதியை இப்படிப்பட்ட கலவையில், 45 டிகிரி சூட்டில் விட்டால் சுருண்டு படுத்துவிடும். இந்த வம்சத்தில் வந்தவையோ சுற்றுக்குச் சுற்று தேறிக்கொண்டே வந்தன. தொழிற்சாலைக்கு ஏற்ற நொதியைத் தேடிப் போகாமல், தொழிற்சாலைக்குள் வாழத் தெரிந்த நொதியையே வளர்த்தெடுத்தார்கள். பசுமை வினையூக்கி எங்கோ காட்டில் கிடைக்கும் புதையல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது வித்து தேர்ந்து, விதைத்து, நல்லதை மட்டும் நிறுத்தி, மறுபடி விதைத்துக் கிடைத்த ரகம்.

வினை நடக்கும் விதத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம், அவ்வளவு அழகு அது. நொதிக்குள் பி.எல்.பி. என்ற சின்ன மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். வைட்டமின் பி6-இன் ஒரு வடிவம்தான் அது. கரைசலுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதும் அதுவே. ஐசோபுரொபைலமீன் உள்ளே வந்து தன் அமீனை அதனிடம் ஒப்படைக்கும். ஒப்படைத்ததும் பி.எல்.பி.யின் மஞ்சள் வெளுத்துவிடும். அடுத்து கீட்டோன் வரும், அமீனைப் பெற்றுக்கொண்டு சிட்டாகிளிப்டினாகி வெளியேறும். பி.எல்.பி. பழையபடி மஞ்சளாகி அடுத்த ஆளுக்குத் தயார். இந்தக் கைமாற்று ஓயாமல் நடக்கும். அமீனை இழந்த ஐசோபுரொபைலமீன் என்ன ஆகிறது தெரியுமா? அசிட்டோன்! நகப்பூச்சை அழிக்கப் பயன்படுத்துகிறோமே, அதே அசிட்டோன்தான். அதை விட்டுவைத்தால் வினை பின்னோக்கித் திரும்பிவிடும். நல்ல வேளை, அசிட்டோன் எளிதில் ஆவியாகும். அதை அவ்வப்போது வெளியேற்றிவிட்டால் வினைக்கு முன்னே போவதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசிச் சுற்றில் வந்த நொதியில் 27 மாற்றங்கள். ஆரம்ப நிலையோடு ஒப்பிட்டால் திறன் 25,000 மடங்குக்கும் மேல். இப்போது லிட்டருக்கு 200 கிராம் கீட்டோன், வெறும் 6 கிராம் நொதி, விளைச்சல் 92 சதவீதம். சேதாரத்தைக் கழிக்காமல் சொன்னால், அதே ஒரு லிட்டரில் சுமார் 1,800 மாத்திரைகளுக்கான மருந்து! கைத்தூய்மையோ 99.95 சதவீதத்துக்கு மேல். பத்தாயிரம் மூலக்கூறில் இரண்டு மூன்று கூடத் தப்பாக வர வாய்ப்பு குறைவு. ஹைட்ரஜன் கலன் போயிற்று. ரோடியம் போயிற்று, அதை உறிஞ்சப் போட்ட கரித்தூளும் போயிற்று. மொத்த விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடியது. ஒரே கொள்ளளவில் ஒரு நாளில் கிடைக்கும் சரக்கு 53 சதவீதம் கூடியது. கழிவு 19 சதவீதம் குறைந்தது. 2010-ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு அதே பசுமை வேதியியல் விருதும் வந்தது. விருது வாங்கிய தங்கள் சொந்த வழியைத் தாங்களே முந்தி, நான்கே ஆண்டில் மறுபடி அந்த மேடை ஏறினார்கள்!

அந்த 19 சதவீதத்தைப் பார்த்து, இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏற்கெனவே 220 கிலோவைக் குறைத்துவிட்ட வழியின் மேல் கிடைத்த 19 சதவீதம் அது என்பதை மறக்கக் கூடாது. மேலும், டி.எம்.எஸ்.ஓ.வை மீட்பதற்கும், நொதியைச் செய்யும் பாக்டீரியாவை வளர்ப்பதற்கும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகத்தான் செய்கின்றன. நொதி என்று பெயர் வைத்துவிட்டாலே எல்லாம் பசுமையாகிவிடாது. கிலோக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இவர்கள் காட்டினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையின் மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணம்.

நொதியை வளர்த்தெடுக்கும் இந்த வித்தையின் வேர் 1990-களில் இருக்கிறது. கால்டெக்கின் ஃபிரான்சஸ் அர்னால்ட், சப்டிலிசின் என்ற நொதியை டி.எம்.எஃப். என்ற கரைப்பானில் வேலை செய்யப் பழக்கினார். கண்டபடி மாற்றங்களை உண்டாக்கி, தேறியதை எடுத்து, மறுபடி மாற்றி, மூன்றாம் தலைமுறையிலேயே 256 மடங்கு முன்னேற்றம் கண்டார். 2018-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு. வில்லெம் ஸ்டெமர் 1994-ல் இன்னொரு படி போனார். நொதிகளின் மரபணுக்களைத் துண்டாக்கி, ஒன்றோடொன்று கலந்து, புதிதாக ஒட்டினார். அவர் தொடங்கிய மேக்சிஜன் நிறுவனத்திலிருந்து கிளைத்ததுதான் கோடெக்சிஸ். கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாட்டினுக்கும் இதே பாணியில் ஒரு நொதியை மெருகேற்றி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் யி டாங்கும் கோடெக்சிஸும் 2012-ல் அதே விருதை வாங்கினார்கள்.

நொதி அளவுக்குப் பெரிய ஆள்கூட எல்லா வேலைக்கும் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிஸ்ட், புரோலீன் என்ற ஒற்றை அமினோ அமிலத்தை எடுத்து, கார்பனோடு கார்பனை வேண்டிய கையில் இணைத்துக் காட்டினார். அதே ஆண்டு டேவிட் மெக்மில்லன், உலோகமே இல்லாத ஒரு சிறு கரிம மூலக்கூறால் வேறொரு வினையை நடத்திக் காட்டினார். இருவருக்கும் 2021-ல் நோபல். நம் உடம்பின் புரதங்களில் எல்லாம் இருக்கும் சாதாரணப் புரோலீன்! அதை வைத்து என்ன பெரிய காரியம் ஆகும் என்று யாரும் திரும்பிப் பார்க்காத காலமும் இருந்தது.

சிட்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் 2022 ஜூலையில் முடிந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் வரிசையாக மாத்திரையைக் கொண்டுவர, விலை மளமளவென்று இறங்கியது. மாதச் செலவுக் கணக்கில் அந்த வித்தியாசத்தை உணர்ந்த குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெர்க் குழுவோ அதற்குள் ஒன்பது படி மேலே போயிருந்தது. 2019-ல், எச்.ஐ.வி.க்கு எதிராக உருவாக்கிவந்த இஸ்லாட்ராவிர் என்ற மூலக்கூறை ஒன்பது நொதிகளை வைத்துக் கட்டிக் காட்டினார்கள். அவற்றில் ஐந்து, பரிணாமப் பயிற்சி பெற்றவை. மீதி நான்கும் உதவியாளர்கள். ஓர் உதவியாளர் ஐரோப்பியர் சமையலில் காரத்துக்குச் சேர்க்கும் குதிரை முள்ளங்கியிலிருந்து வந்த நொதி. நடுவில் வரும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்யாமல், தண்ணீரிலேயே அடுத்தடுத்து நடந்த வினைகள். முந்தைய வழிகளில் ஆன படிகளில் பாதிகூட ஆகவில்லை. மொத்த விளைச்சல் 51 சதவீதம். கடைசிக் கட்டத்தில் சேரும் பாஸ்பேட், வினையைப் பின்னுக்கு இழுத்துத் தொல்லை கொடுத்தது. அதை இழுத்துக்கொண்டு போக, அதற்கென்று ஒரு நொதியையும் அதற்குத் தீனியாக இன்னொரு பொருளையும் கலந்தார்கள். என்ன பொருள் என்கிறீர்கள்? சுக்ரோஸ். நம் காப்பியில் போடும் வெள்ளைச் சர்க்கரையேதான்!